அம்புரோசின் எண்ணிக்கை

அம்புரோசுக்கு வலது காது கேட்காது. பதினாறு வயதில், முதல் தடவையாகச் சங்கு எடுக்க முங்கிய அன்றைக்கே, ஏழு பாகம், நாற்பதடிக்கும் மேல் ஆழத்தில் அது வெடித்துப் போனது. வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது தோள் வரைக்கும் ரத்தம். பெரியதாழையில் இருந்த அவன் தகப்பனார் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், இவன் இனிமேல் தண்ணீருக்கு மேலேதான் என்று.

அக்கா சலேத்தைத் தூத்துக்குடியில் ரோச்சுக்குக் கட்டிக்கொடுத்தபோது அம்புரோசும் கூடவே வந்து சேர்ந்தான். ரோச் முங்கிச் சங்கெடுப்பதில் பேர்பெற்ற குளியாள். குளியாளின் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருப்பது அந்தக் கடற்கரையில் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுப்பதைப் பார்த்துக்கொண்டு எவனும் சும்மா இருக்கமாட்டான் என்ற நம்பிக்கை. பதினேழு வருஷமாக அம்புரோஸ் அந்தக் கயிற்றைப் பிடித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில் பின்பக்கத்துச் சார்ப்புதான் அவனுக்கு.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ரோச், ஆளை அடிக்கு இழுத்துப்போகும் கல்லில் கால்வைத்துக் கீழே போனதும் வாய்க்குள் எண்ண ஆரம்பிப்பான். கயிறு கீழிருந்து இரண்டு தரம் வெட்டி இழுபட்டால் மேலே தூக்கவேண்டும். ஒரு காது இல்லாததாலோ என்னவோ, அவன் கைகளுக்குக் கூர்மை அதிகம். ரோச் அடியில் நிற்கிறானா நகர்கிறானா, சங்கைக் கண்டுவிட்டானா என்பதெல்லாம் கயிற்றிலேயே அவனுக்குத் தெரியும்.

1973 ஜூனில் ரோச்சின் ஒரே மகள் அல்போன்சா ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் ஒரு புதுமை நடந்தது. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து வந்திருந்த பிளாரன்ஸ் டீச்சர், நாலாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிப்பில் சூட்டிகையான பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் ஒன்று கொடுத்துப் பார்த்து ஏழு பேரைப் பொறுக்கியெடுத்தாள். வருஷம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த ஏழு பேருக்கும் தனி வகுப்பு. பாடப்புத்தகம் கிடையாது. வெளியே போய்ப் பார்ப்பதும் அளப்பதும் கேட்பதும் எழுதுவதும்தான் பாடம். ஏழு பேரில் அல்போன்சாவும் ஒருத்தி.

டீச்சர் வீட்டுக்கே வந்து அம்புரோசிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, கடக்கரைப் பக்கம் பிள்ளைகள கூட்டிட்டுப் போகணும். நான் ஒத்தப் பொம்பளை. சனிக்கிழம சனிக்கிழம நீங்க கூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

சங்குக் குளி ஐப்பசி கழித்துத்தான். அதுவரைக்கும் அம்புரோசுக்குத் தூண்டிலும் வலைப்பொத்தலும்தான். சரியென்றான்.

முதல் இரண்டு சனிக்கிழமை உப்பளத்துக்குப் போனார்கள். பாத்தித் தண்ணீரை ஒரே அளவுப் புட்டிகளில் பிடித்து நிறுத்துப் பார்த்தார்கள். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூட முற்றத்தில் கம்பு நட்டு மணிக்கு மணி நிழலை அளந்தார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை பஸ் ஏறிக் கொற்கைக்குப் போனார்கள்.

கொற்கையில் பார்க்க என்ன இருக்கிறது என்று அம்புரோசுக்குப் புரியவில்லை. வயலும் குளமும்தான். டீச்சர் பிள்ளைகளை ஒரு வயல் ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே வரப்பு வெட்டிக்கொண்டிருந்த சொரிமுத்து என்கிற சம்சாரி மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் புரட்டிப் போட்டார். சேற்றோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகச் சிப்பி.

"எங்கன வெட்டினாலும் இதான் வரும்" என்றார் அவர்.

"இந்த எடத்துலதான் கப்பல் வந்து நின்னுச்சு" என்றாள் டீச்சர். "இப்பக் கடல் இங்கருந்து நாலு மைலுக்கு அந்தப் பக்கம்."

"கடல் போனத யாரும் பாக்கலையா டீச்சர்?" அல்போன்சா கேட்டாள்.

"ஒரே நாள்ல போனாத்தானம்மா பாக்கதுக்கு? ரெண்டாயிரம் வருஷமாக் கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கு."

அல்போன்சா உள்ளங்கையில் விரலால் எழுதிக் கூட்டினாள். "வருஷத்துக்குப் பத்தடி. அளந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். யாரும் அளக்கல."

டீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்தாள். அம்புரோசுக்கு என்னமோ அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. நெற்பயிருக்கு அடியில் கடல் படுத்துக் கிடக்கிற மாதிரி இருந்தது. செத்துப்போன சிப்பி ஒன்று அவன் பெருவிரலைக் கிழித்துவிட்டது. வரும் வழியெல்லாம் அது எரிந்தது.

மறுவாரம் டீச்சர் ஏழு பேருக்கும் ஒரு வேலை கொடுத்தாள். ஆளுக்கொரு காரியத்தை எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் ஒரு வருஷம் அளக்கவேண்டும். அளந்ததைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கவேண்டும். அதற்கு 'வருஷ அளவு' என்று பெயர். மாப்பிள்ளையூரணியிலிருந்து வருகிற நயினார் தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் என்று அளக்கிறேன் என்றான். விக்டர் என்ற பையன், வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை எண்ணப்போவதாகச் சொன்னான். அல்போன்சா எழுந்து, "எங்கப்பா தண்ணிக்குள்ள எம்புட்டு நேரம் இருக்காங்கன்னு அளக்கேன்" என்றாள்.

ரோச்சுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கடைத்தெருவில் பார்த்தவனையெல்லாம் நிறுத்தி, "எம் மவ என்னையவே பாடமாக்கிட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அளக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அல்போன்சா இன்னொரு காரியம் செய்தாள். டீச்சரின் கைக்கடிகாரத்தை வாங்கிவந்து, மாமனைச் சுவரோரம் உட்காரவைத்து, வள்ளத்தில் எண்ணுவதுபோலவே நூறு வரைக்கும் எண்ணச் சொன்னாள். ஐந்து தடவை எண்ண வைத்தாள்.

"மாமா, நீங்க நூறு எண்ணுனா எம்பது செகண்டுதான் ஆவுது. வேகமா எண்ணுதீங்க."

"பதட்டத்துல எண்ணுதது அப்படித்தான் இருக்கும்."

"இருக்கட்டும். ஒரே மாதிரி வேகமா எண்ணுதீங்கள்ல, அது போதும். நான் மாத்திக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று பேரும் கரைக்குப் போவார்கள். கட்டிக்கிடக்கிற வள்ளத்தின் ஓரத்தில் ரோச் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி முங்குவான். அம்புரோஸ் எண்ணுவான். அல்போன்சா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். முதல் ஞாயிறு எழுபத்திரண்டு செகண்டு. அடுத்தது எழுபது. அதற்கடுத்தது எழுபத்திமூன்று. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கைதட்டினார்கள்.

ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழா முடிந்த பிறகு அறுபத்தொன்பது ஆனது. செப்டம்பரில் அறுபத்திநாலு. அம்புரோஸ் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது ஆள், சீசன் இல்லாத நாளில் உடம்பு இளகியிருக்கும், சங்கு கிடக்கும் பாரில் இறங்கினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் காலையில் ரோச் கொல்லைப்புறத்தில் நின்று இருமுவது இடது காதில் விழத்தான் செய்தது. இருமல் வரும்போதெல்லாம் ரோச் வாளித் தண்ணீரைச் சத்தமாக ஊற்றினான். அதுவும் கேட்டது.

அக்டோபர் கடைசி ஞாயிறு, முங்கி எழுந்தவன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அறுவது" என்றாள் அல்போன்சா. நோட்டில் எழுதிவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்ட்டி. இனிமே சீசன் வந்துட்டு. வாரம் பூரா தண்ணிலதான் கெடக்கணும். ஞாயித்துக்கெழமையும் முங்கணுமா? ஒங்க மாமன் வள்ளத்துல எண்ணி வந்து சொல்லுவான், எழுதிக்க."

நவம்பர் மத்தியில் குளி தொடங்கியது. விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறியதும் பாருக்கு மேல் வள்ளத்தை நிறுத்துவார்கள். அம்புரோசுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. கயிற்றில் பழைய நிதானம் இல்லை. கீழே போனவன் அவசர அவசரமாகத் துழாவினான். சங்கு எடுத்தோ எடுக்காமலோ வெட்டினான். அம்புரோசின் கணக்கில் எழுபத்திரண்டு, கடிகாரத்தில் ஐம்பத்தெட்டு செகண்டுகூட வராது. அடுத்த நாள் எழுபது.

சனிக்கிழமை கரைக்குத் திரும்பும்போது ரோச் பாய்மரத்தோரமாக வந்து உட்கார்ந்து, கேட்கிற காதுப் பக்கம் குனிந்தான்.

"ஏலே அம்புரோசு. பிள்ளட்ட எழுவத்தஞ்சுன்னு சொல்லு."

"எழுவதுதான மச்சான்."

"எழுவத்தஞ்சுன்னு சொல்லுதேன்ல. பொட்டப்பிள்ள பயந்துரும். ஒங்க அக்காட்ட போயி ஒளறும். பெறவு வீட்டுல ஒரே ஒப்பாரி."

அம்புரோஸ் சொன்னான். எழுபத்தைந்து. அடுத்த வாரம் எழுபத்தாறு. அதற்கடுத்த வாரங்கள் எழுபத்தைந்து, எழுபத்தைந்து. அல்போன்சா மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். எண்பதுக்கும் நூறுக்கும் உள்ள கணக்கைப் போட்டு, தாளில் புள்ளி வைத்தாள். அவன் வாயால் சொன்ன எண் கடலில் இல்லாத ஒன்று. அது அந்தச் சின்னக் கையால் தாளில் ஏறும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். உண்மையான எண்களை அவன் மறக்கவும் இல்லை. எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்திநாலு, அறுபத்திரண்டு.

கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்னால், சார்ப்பில் வலைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தான். அல்போன்சா தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க இப்ப எண்ணுதீங்களா?"

"எண்ணாம? ஏன்ட்டி?"

தாளை விரித்துத் தரையில் வைத்தாள். "இங்கன பாருங்க. ஜூலைலருந்து ஒரு வாரம் கூடியிருக்கு, ஒரு வாரம் கொறஞ்சிருக்கு. கோணல் மாணலா வருது. நயினாரோட கெணறும் அப்படித்தான், விக்டரோட கப்பலும் அப்படித்தான். நெசமா அளந்தா அப்படித்தான் வருமாம், டீச்சர் சொன்னாங்க. இந்த நாலு வாரம் மட்டும் வரப்பு மாதிரி நேரா இருக்கு." விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க எண்ணல. இல்லன்னா எண்ணுனதச் சொல்லல."

அம்புரோஸ் மணியைக் கீழே போட்டான். அவள் முகத்தில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தாள். பத்து வயசுப் பிள்ளையின் அந்தப் பார்வைக்கு முன்னால் அவனால் இருக்க முடியவில்லை. எல்லா எண்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டான். அவள் ரப்பரால் நாலு புள்ளியையும் அழித்து, புதிதாக வைத்தாள். கோடு படிக்கட்டில் இறங்குகிறமாதிரி இறங்கியது.

"அம்மாட்ட சொல்லிராத" என்றான்.

"சொல்லல." கோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "மாமா, கல்லோட கீழ போக எம்புட்டு எண்ணுவீங்க? மேல வர எம்புட்டு?"

யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டான். போகப் பன்னிரண்டு பதிமூன்று, வரப் பதினேழு பதினெட்டு. அவள் அதையும் ஒரு மூலையில் எழுதிக்கொண்டாள். எதற்குக் கேட்டாள் என்பது அவனுக்கு ஜனவரி இருபத்தாறாம் தேதிதான் தெரிந்தது.

அன்று சனிக்கிழமை. குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்ததும் ஏழு பிள்ளைகளின் வேலைகளையும் பள்ளிக்கூட ஹாலில் ஒட்டி வைத்திருந்தாள் டீச்சர். படிப்பு இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ரோச் வெள்ளைச் சட்டை போட்டு, சலேத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். உப்புப் புட்டிகள், நிழல் அளந்த தாள், கொற்கைச் சிப்பி, கிணறு, கப்பல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி அல்போன்சாவின் தாளுக்கு முன்னால் நின்றார்.

"இது என்னம்மா?"

"எங்கப்பா தண்ணிக்குள்ள மூச்சடக்குத நேரம் சார்."

"அடடே! நல்லா இருக்கே. ஜூலையில எழுபத்திரண்டு, இப்ப நாற்பத்திரண்டு. சரி, இந்தச் செவப்புக் கோடு எதுக்குக் குறுக்கே?"

"அது இருபத்திநாலு சார். பாருக்குப் போகப் பத்து செகண்டு, திரும்பி வரப் பதினாலு. அதுக்குக் கீழ போச்சுன்னா அடியில நிக்க நேரம் கெடையாது. மேல வர மூச்சும் கெடையாது."

"ம். இந்தப் புள்ளி புள்ளியா வரைஞ்சது?"

"இனிமே வரப்போறது சார். கோடு இப்ப வாரத்துக்கு ரெண்டு ரெண்டாக் கொறையுது. இப்படியே போனா மார்ச்சு முப்பதாம் தேதி செவப்புக் கோட்டத் தொட்டுரும்."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே டீச்சரைப் பார்த்தார். "பிரமாதம். இந்த வயசுல முன்கூட்டிச் சொல்லக் கத்துக்கிட்டாளே!" என்று அல்போன்சாவின் கன்னத்தைத் தட்டினார். கைதட்டல் எழுந்தது. சலேத்தும் கைதட்டினாள். அவளுக்குக் கோடும் தெரியாது, தேதியும் விளங்கவில்லை. தன் மகளைப் பெரிய மனிதர் ஒருவர் மெச்சுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அம்புரோஸ் ரோச்சைப் பார்த்தான். ரோச் கைதட்டவில்லை. சுவரில் இருந்த தாளை, தெரியாத ஊரில் வழிகேட்டு நிற்பவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்புரோசின் பக்கம் திரும்பினான். எண்களைச் சொன்னது யார் என்று கேட்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "பிள்ள நல்லாத்தான் போட்டிருக்கு" என்றான்.

மறுநாளிலிருந்து அவன் நிறுத்திவிடுவான் என்று அம்புரோஸ் எதிர்பார்த்தான். ரோச் திங்கட்கிழமை வழக்கத்துக்கு முன்பாகவே எழுந்து வள்ளத்துக்குப் போனான்.

"மச்சான், இந்த ஒரு வருஷம் விட்டுரும். ஆஸ்பத்திரியில காட்டுவோம்."

"காட்டி? காசம்னு எழுதிக் குடுத்தாம்னா நாளைக்கு எவன் என்னய வள்ளத்துல ஏத்துவான்? எந்த வீட்டுல தண்ணி குடுப்பான்? கயித்தப் பிடிக்க இஷ்டம் இல்லன்னாச் சொல்லு, வேற ஆளப் பாக்கேன்."

வேறு ஆள் பிடித்தால் அவனுக்கு இந்தக் கயிறு புதுசு. ரோச் எப்போது நிற்கிறான், எப்போது தடுமாறுகிறான் என்று அவன் கைக்குத் தெரியாது. ஆகவே அம்புரோசே போனான்.

போய், தன் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்தான். ரோச் வெட்டும் வரைக்கும் காத்திருக்கவில்லை. நாற்பது எண்ணியதும் இழுத்துவிடுவான். மேலே வந்த ரோச் முங்குகிற கண்ணாடியைக் கழற்றி எறிவான்.

"ஏன்லே இழுத்த? சங்கத் தொட்டுட்டேன், தொட்டுட்டேன்! கையவிட்டுப் போச்சு!"

மூன்று வாரம் இப்படியே சண்டை. வள்ளத்தில் இருந்த மற்ற குளியாட்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஜேசுபாதம் என்பவன் மட்டும் அம்புரோசிடம் ரகசியமாக, "ஒங்க மச்சான் துப்புத எச்சியப் பாத்தியா? நேத்து செவப்பா இருந்துச்சு" என்றான்.

பிப்ரவரி பத்தொன்பது. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரிக் கிடந்தது. அடித்தரை தெரிகிற அளவுக்குத் தெளிவு. இப்படிப்பட்ட நாள் சீசனுக்கு நாலு ஐந்துதான் வரும். எல்லாக் குளியாட்களுக்கும் கொண்டாட்டம். ரோச் ஆறு தடவை இறங்கி ஏறினான். ஏழாவது தடவை கல்லில் கால் வைக்கும்போது அம்புரோசைப் பார்த்து, "இந்த ஒரு மட்டம் என்னய விட்டுப் பிடி" என்றான். கெஞ்சுவது மாதிரி இருந்தது.

கயிறு ஓடியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அடியில் தட்டியது. பதினெட்டு. ரோச் இடது பக்கம் நகர்கிறான். இருபத்திமூன்று. நிற்கிறான். இருபத்தெட்டு. இன்னும் நிற்கிறான். அம்புரோசின் கைக்கு அந்த நிற்பு பிடிக்கவில்லை. ஆள் நின்றால் கயிற்றில் ஒரு துடிப்பு இருக்கும். நாடி பார்க்கிற மாதிரி. இப்போது கயிற்றின் மறுமுனையில் கனம் மட்டும்தான் இருந்தது. முப்பத்திமூன்று எண்ணும்போது அவன் எழுந்து நின்று, முழு பலத்தோடு இழுத்தான்.

"ஜேசுபாதம்! கை கொடு!"

ரோச் தலை தொங்கி வந்தான். வள்ளத்தில் குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினார்கள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு நுரை வந்தது. நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கேவல். உயிர் இருந்தது.

பேச முடிந்ததும் ரோச் செய்த முதல் காரியம், வள்ளத்தில் இருந்த அத்தனை பேரையும் சத்தியம் செய்யச் சொன்னது. பனிமய மாதா மேல் ஆணை, கரையில் ஒரு சொல் சொல்லக்கூடாது. ஒவ்வொருவராகச் செய்தார்கள். கடைசியாக அம்புரோசின் கையைப் பிடித்துத் தன் ஈர நெஞ்சில் வைத்துக்கொண்டான். அந்த நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கிற சத்தம் உள்ளங்கையில் ஏறியது. அம்புரோஸ் சத்தியம் செய்தான்.

மறுநாள் காலையில் அவன் கோயிலுக்குப் போகவில்லை. போக முகம் இல்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனான். ஹால் திறந்து கிடந்தது. சுவரில் கோந்து போட்டு ஒட்டியிருந்த அல்போன்சாவின் தாளைக் கிழித்தெடுத்தான். இரண்டு மூலை சுவரிலேயே தங்கிவிட்டன. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குளியாட்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் சங்கு ஆபீசுக்கு நடந்தான்.

அங்கே சிவனணைந்தபெருமாள் என்ற குமாஸ்தா மட்டும் இருந்தார். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாளை மேஜையில் விரித்தான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டினார். சிவப்புக் கோடு வரைக்கும் போய் விரல் நின்றது.

"யாரு போட்டது இது?"

"அஞ்சாங்கிளாஸ் பிள்ள. அந்தக் குளியாளோட மவதான்."

"நீரு யாரு?"

"கயிறு பிடிக்கவன். எம் மச்சான்தான். நேத்து முப்பத்திமூணு எண்ணும்போது பொணமாத்தான் தூக்குனேன்." தாளை அவர் பக்கம் தள்ளினான். "அவருக்கு அனுமதி கெடையாதுன்னு சொல்லிருங்க சார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

குமாஸ்தா சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அடுத்த நாள் அந்த வள்ளத்துக் குளியாட்கள் அத்தனை பேரையும் டாக்டரிடம் அனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மற்றவர்கள் சீட்டோடு திரும்பி வந்தார்கள். ரோச்சுக்கு இரண்டு பக்கமும் காசம், இடது பக்கம் பாதிக்கு மேல் போய்விட்டது. அங்கிருந்தே வார்டில் சேர்த்துவிட்டார்கள். அம்புரோஸ் துணிமணி கொண்டுபோனபோது ரோச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"மாதா மேல சத்தியம் பண்ணுனயேலே" என்றான். "போ. எம் முகத்துல முழிக்காத."

தெருவில் விஷயம் பரவ ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. குழாயடியில் சலேத்தின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். அழுது அழுது ஓய்ந்துபோய் ஒரு மாலை அவள் தம்பியிடம் கேட்டாள்.

"எங்கிட்ட முதல்ல சொல்லிருக்கக் கூடாதாலே? நான் கால்ல விழுந்தாவது நிறுத்திருப்பேனே. ஊருக்கே சொல்லிட்டியே."

ஒருவேளை அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அதுதான் அவனை அரித்தது.

மார்ச் முதல் சனிக்கிழமை, அல்போன்சா தலைவாரி, நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அன்று புதுத் துறைமுகத்தில் கடலுக்குள் கல் கொட்டிப் போடுகிற சுவரைப் பார்க்கப் போவதாக இருந்தது. பிளாரன்ஸ் டீச்சர் தனியாக வந்தாள். படி ஏறவில்லை.

"அல்போன்சா, இந்த மாசம் வேண்டாம்மா."

"ஏன் டீச்சர்?"

"மத்த வீட்டுக்காரங்க..." டீச்சர் நிறுத்திக்கொண்டாள். கண் தரையில் இருந்தது. "அவங்க பிள்ளைகள அனுப்ப மாட்டேங்கறாங்க. ஒரு மாசம் போகட்டும். பெறவு பாப்போம்."

"எனக்கு இருமல் இல்ல டீச்சர்."

"தெரியும்மா."

"டாக்டர் என்னையும் பாத்துட்டாங்க. இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. காட்டவா?"

டீச்சர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்த மாசமும் போயிற்று, அடுத்த மாசமும் போயிற்று. ஆறு பிள்ளைகளோடு அந்த வருஷத்து வகுப்பு முடிந்தது. அன்று டீச்சர் போனதும் அல்போன்சா நோட்டை அடுக்குப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுச் சார்ப்புக்கு வந்தாள்.

"மாமா, எந் தாள எடுத்துட்டுப் போனது நீங்கதான?"

"ஆமாட்டி."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல. மூலை கிழிஞ்சிருக்காது."

அம்புரோஸ் அந்த வாரமே அக்கா வீட்டை விட்டு வெளியேறினான். புதுத் துறைமுகத்தில் கப்பலை இழுத்துக்கட்டும் கும்பலில் கூலிக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே ஒரு ஓலைக் குடிசையில் தங்கினான். சங்கு வள்ளங்களிலிருந்து இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். எவனுடைய கயிற்றையும் தொடமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிள்ளை குறித்திருந்த மார்ச் முப்பதாம் தேதி வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து வெயில் சாயும்வரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. வள்ளங்கள் போயின, வந்தன.

ரோச் பத்து மாசம் ஊசி போட்டுக்கொண்டு கிடந்தான். இருமல் நின்றது. உடம்பில் பாதிதான் மிச்சம். டிசம்பரில் வீட்டுக்கு வந்தான். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சலேத் குடிசைக்கு வந்து, "வா, சாப்பிட வா" என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

ரோச் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அம்புரோஸ் நிலைப்படியிலேயே நின்றான். சலேத் அடுப்படிக்குள் போய்விட்டாள். அல்போன்சா இலை துடைத்துக்கொண்டிருந்தாள். ரோச் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"ஏலே. அன்னைக்கு என்னயத் தூக்குனப்ப எத்தன எண்ணுன?"

"முப்பத்திமூணு."

"பிள்ள கணக்குல?"

அல்போன்சா இலையிலிருந்து கண்ணெடுக்காமல், "இருபத்தாறு" என்றாள்.

ரோச் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கீழ நின்னுட்டு நெனச்சேன், அறுவது எழுவது ஆயிருக்கும், இன்னிக்கு நல்லாப் பிடிக்குதுன்னு. சந்தோசமா இருந்துச்சுலே. மேல வரவே தோணல."

ரோச் கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். உட்கார் என்று வாயால் சொல்லவில்லை. அம்புரோஸ் போய் விளிம்பில் உட்கார்ந்தான்.

சலேத் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டார்கள். மூன்று மணிக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கட்டவேண்டியிருந்ததால் அம்புரோஸ் கை கழுவியதும் கிளம்பிவிட்டான்.